இரண்டாவது சாயக்குழல்

ஒச்சப்பன் அந்த வருசக் கவாத்து முடிவதற்குள் இரண்டு தடவை ஓடைச் சரிவில் உருண்டுவிட்டார். முதல் தடவை முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. இரண்டாம் தடவை வலது முழங்கால் சில்லு நகர்ந்து, போடியில் வைத்தியர் ஒருவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு இருபது நாள் படுத்துக் கிடந்தார். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவர் முதலில் வந்தது ராஜாராமின் லேத்துப் பட்டறைக்குத்தான்.

அது எழுபத்தேழாம் வருசம். ராஜாராமுக்கு முப்பத்துநாலு வயது. மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிற மருந்து ஸ்ப்ரேயர், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கான புகைக்குழாய், பம்ப்செட் சாமான் எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். ஒச்சப்பன், கோட்டைச்சாமி முதலாளியின் தோட்டத்தில் கங்காணி. தோட்டம் போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகிற வழியில் சரிவுசரிவாக இறங்கிக் கிடந்தது. மூன்று ஓடைகள் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் நிழல் கூடிப்போனால் செடி அழுகிவிடும். அதனால் வருசாவருசம் மழைக்கு முன்னால் மரங்களில் கிளை கழிப்பார்கள்; அதுதான் கவாத்து. எந்த மரத்தில் கழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது ஒச்சப்பனின் சோலி. காவிச் சாயத் தகரத்தையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மரமாக இறங்கிப் போய்க் குறி போடுவார். குறி விழுந்த மரத்தில் ஆட்கள் ஏறுவார்கள்.

"பாதையில நின்னாலே எனக்கு மரம் தெரியுது, தம்பி," என்றார் ஒச்சப்பன். "குறி போடத்தான் இறங்கவேண்டியிருக்கு. அங்கன நின்னுக்கிட்டே மரத்துல காவி விழுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்."

ராஜாராம் முதலில் சிரித்தான். அப்புறம் நாலு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். ஸ்ப்ரேயரில் காவியை ஊற்றி அடித்துப் பார்த்தான். எட்டடி போவதற்குள் காற்றில் கலைந்து அவன் சட்டையிலேயே திரும்பி விழுந்தது. சாயம் கலையாமல் போகவேண்டுமென்றால் அதை எதிலாவது அடைத்து அனுப்பவேண்டும். போய் விழுந்த இடத்தில் அது உடையவும் வேண்டும்.

வழி சொன்னது அவன் பெண்டாட்டி ராமுத்தாய். மரத்தில் நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று கடைந்து, தண்ணீரில் நனைத்து, உருக்கிய மெழுகில் பாதிவரை முக்கி எடுத்தாள். ஈர மரத்தில் மெழுகு ஒட்டவில்லை. மெல்லிய கிண்ணம்போல் கழன்று வந்தது. இரண்டு கிண்ணம் சேர்ந்தால் ஓர் உருண்டை. உள்ளே காவியை நிரப்பி, விளிம்பைச் சூட்டுக்கம்பியால் ஒட்டினாள். கையில் வைத்து அமுக்கினால் தாங்கும்; சுவரில் எறிந்தால் பட்டென்று உடையும்.

மீதி வேலை ராஜாராமுக்குத் தெரிந்ததுதான். ஸ்ப்ரேயர் தொட்டியில் பாதியை வெட்டி மூடி, காற்று அடைக்கிற குடமாக்கினான். சைக்கிள் பம்பால் அதில் காற்றேற்றலாம். காற்றை ஒரே மூச்சில் திறந்துவிட ஒரு வால்வு வேண்டும். காயலான் கடையில் அரைநாள் குடைந்து, உடைந்த லாரியின் பிரேக்கிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தான். அதன்மேல் ஒரு முழத்துக்கு ஒரு குழாய். தோளில் மாட்ட ஒரு வார். பம்ப்செட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டை அதற்கு அடித்தான், மலைப்புதரில் கீழே வைத்தாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.

பார்க்கச் சகிக்காத சாமான் அது. தொட்டி வயிறு புடைத்துக்கொண்டு நிற்கும், குழாய் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டத்து ஆட்கள் அதற்குப் பூசணி என்று பேர் வைத்தார்கள். ஆனால் அறுபதடி தூரத்து மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காவி அப்பியது. ஒச்சப்பன் அடுத்த வருசக் கவாத்து முழுக்க ஓடைக்குள் இறங்கவே இல்லை. போடிக்கு இறங்கும்போதெல்லாம் பட்டறை வாசலில் நின்று, "வாரை மட்டும் கொஞ்சம் அகலமாப் போடு, தம்பி. தோளு அறுக்குது," என்பார். அதைத் தவிர அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

குறை கோட்டைச்சாமிக்குத்தான் இருந்தது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. நல்ல சாமான்மேல் ஆசைப்படுகிறவர். மலையை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து அவர் அப்பா வாங்கிய ரைபிள் ஒன்று அவர் பங்களாச் சுவரில் தொங்கியது. வெளியூர்த் தோட்டக்காரர்கள் விருந்துக்கு வந்திருந்த அன்று, ஒச்சப்பன் பூசணியை மாட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனாராம். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அடுத்த வாரமே ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றது.

"ராஜாராம், யோசனை உன் யோசனைப்பா. ஆனா உருவம் நல்லால்ல," என்றார் கோட்டைச்சாமி. "மருந்தடிக்கிறவன் மாதிரி இருக்கு. ஈட்டி மரத்துக் கட்டை நான் அனுப்புறேன். அந்த ரைபிளைக் கொண்டாந்து உன் முன்னாடி வைக்கிறேன். அதே மாதிரி, அதைவிட நல்லா ஒண்ணு செய்யி. அவசரமில்ல."

பதினைந்து வருசமாக ராஜாராமிடம் யாரும் பார்ப்பதற்காக ஒரு பொருள் கேட்டதில்லை. ஓட்டையை அடை, பல்லைக் கடை, வெரசாக் கொடு என்றுதான் கேட்பார்கள். அன்று சாயங்காலம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது ராமுத்தாய் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

மூன்று மாதம் அதில் கிடந்தான். ஈட்டிக் கட்டையை இழைத்து இழைத்துத் தோளில் பொருந்தும் பின்கட்டையாக்கினான். பித்தளைத் தகட்டில் ஏல இலையும் காயும் செதுக்கினான். அந்தச் செதுக்கல் வேலை தன் கைக்கு வரும் என்பது அவனுக்கே அதுவரை தெரியாது. குழாயை இரண்டு முழமாக நீட்டி, சூடேற்றி எண்ணெயில் முக்கி, கருநீலம் ஏற்றினான். வெளிச்சத்தில் திருப்பினால் அந்த நீலம் ஓடும். வேலைக்கு வந்தவர்கள் தங்கள் வேலையை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. புடைத்த தொட்டிக்கு அதில் இடமில்லை. பின்கட்டையைக் குடைந்து அதற்குள் ஒல்லியான காற்றுக்குடம் ஒன்றை வைத்தான். அது பிடிக்கிற காற்றுக்கு உருண்டை முப்பதடிதான் போனது. குழாயை நீட்டியதால் ஒரு பிரயோசனமும் இல்லை. கோட்டைச்சாமியிடம் சொன்னான்.

"அதனால என்ன, கொஞ்சம் கிட்டப் போயி அடிச்சுக்கிடட்டும்," என்றார் அவர்.

ராஜாராமும் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருந்தால் கட்டையின் வடிவத்தை மாற்றவேண்டி வந்திருக்கும். அதற்கு அவனுக்கு மனசில்லை.

இன்னொன்றும் செய்தான். இரண்டாவதற்குத் தோதான வால்வு தேனி வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை. முதலாளி பூசணியை ஜீப்பில் அனுப்பிவைத்தார். ராஜாராம் அதைப் பிரித்து வால்வைக் கழற்றிப் புதிதில் மாட்டினான். மிச்சத் தகரம் காயலானுக்குப் போனது.

புதியதை வாங்கிப் போக ஒச்சப்பன்தான் வந்தார். தூக்கிப் பார்த்தார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பித்தளையைக் கட்டைவிரலால் தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. எனக்கு எதுக்கு இது?"

"முதலாளி ஆசைப்படுறாரு, அண்ணே."

"அது எங்க, பழசு?"

ராஜாராம் சொன்னான். ஒச்சப்பன் தோளில் வார் அறுத்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "சரி. முப்பதடின்னா மறுபடி ஓடைக்குள்ள இறங்கணும். பாப்போம்," என்று சொல்லிவிட்டு அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு முந்தல் பஸ்சுக்குப் போனார். ராஜாராமுக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. மூன்று மாத உழைப்பை ஒரு வார்த்தை மெச்சினால் என்ன என்று ராமுத்தாயிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

எழுபத்தொன்பதாம் வருசம் வைகாசி. மேலே யானை சுடுகிறவர்கள் சிலர் காவலாளி ஒருவரைச் சுட்டுப்போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். அவர்களைத் தேடி ஒரு மலையாளப் போலீஸ் குழு தோட்டம் தோட்டமாகக் காட்டோரம் நடந்துகொண்டிருந்தது. புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் அதில் பாதிப்பேர். எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சின்னமுத்து பட்டறைக்கு வந்தான். மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிறவர்களில் அவன் ஒருவன். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். லேத்தை நிறுத்தச் சொன்னான்.

"ஒச்சப்பண்ணன் செத்துப்போயிட்டாரு," என்றான்.

பிறகு நடந்ததைச் சொன்னான். மூன்றாவது ஓடைக்கு அந்தப்பக்கம் எல்லைக் காட்டோரமாக ஒச்சப்பன் இறங்கியிருக்கிறார். இவன் மரத்துமேல் இருந்தான். பனி லேசாக இறங்கியிருந்தது. பாதையிலிருந்து யாரோ மலையாளத்தில் கத்தினார்கள். "தோக்கு தாழெ வெக்கடா" என்று. துப்பாக்கியைக் கீழே வை என்று அர்த்தம்.

"அண்ணனுக்கு மலையாளம் நல்லா வெளங்கும்," என்றான் சின்னமுத்து. "வெளங்குனதாலதான் போனாரு. இவரு கையில இருக்கிறதத் தோக்குன்னு இவரு நினைக்கவே இல்ல. பின்னாடி எவனோ வேட்டைக்காரன் நிக்கிறான்னு நினைச்சுட்டாரு போல. திரும்பித் திரும்பிப் பாத்தாரு. மறுபடி கத்துனாக. யாரைச் சொல்றாகன்னு கேக்குறதுக்கு அவுக பக்கம் திரும்புனாரு. தோள்ல சாத்தியிருந்த குழலும் கூடவே திரும்புச்சு."

ராஜாராம் லேத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரே வெடிதான். நான் இறங்கி வர்றதுக்குள்ள அவுகளே ஓடி வந்துட்டாக. சுட்ட பையன் அதைக் கையில எடுத்துப் பாத்தான். உள்ள இருந்து காவி உருண்டை உருண்டு வந்துச்சு. அதை வச்சுக்கிட்டு அப்படியே நின்னான். அவனுக்கு என் தம்பி வயசுகூட இருக்காது."

அடக்கம் தேவாரம் டவுனுக்குப் பக்கத்தில் ஒச்சப்பனின் ஊரில் நடந்தது. ராஜாராம் போனான். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தான். ஒச்சப்பனின் மனைவி ராக்குவின் பக்கம் போக அவனுக்குக் கால் எழவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தைய வாரம் கோட்டைச்சாமி வந்தார். இந்தத் தடவை ஜீப்பை வாசலில் நிறுத்தவில்லை. தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவரும் அழுதிருந்தார்.

"சாயம் அடிக்க ஒரு சாமான் கேட்டேன், உருவமெல்லாம் நீயாப் போட்டதுன்னு சொல்லிடுப்பா," என்றார். "நான் சொல்லித்தான் செஞ்சதுன்னு சொன்னா சுவத்துல இருக்க ரைபிளுக்கு லைசென்சு போயிரும். தோட்டத்தையே நோண்டுவாக."

ராஜாராம் லேத்தில் கிடந்த இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ராக்கு வந்தாள். பட்டறைக்குள் வரவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் நின்றாள். ராமுத்தாய் போய்க் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"வக்கீலு சொன்னாரு," என்றாள் ராக்கு. ராஜாராமைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதப் பாத்தா துப்பாக்கி மாதிரி இல்ல, சின்னப் பிள்ளைக்கும் சாயம் அடிக்கிற சாமான்னு தெரியும், அப்படின்னு செஞ்சவரு சொன்னாப் போதுமாம். அப்ப சுட்டது தப்புன்னு ஆயிருமாம். ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு, தம்பி."

"சொல்றேன், ஆத்தா," என்றான் ராஜாராம். சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தான்.

விசாரணை மலைமேல் பயணிகள் பங்களா ஒன்றில் நடந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நீள மேசைக்குப் பின்னால் அதிகாரி, அவர் பக்கத்தில் எழுதுகிறவர். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அதை வைத்திருந்தார்கள். ஒரு மாதமாகப் போலீஸ் அறையில் கிடந்தும் அதில் ஒரு துரு ஏறவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர்கூட நடுநடுவே நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டார். அவன் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல பொருள் அதுதான் என்பது அந்த நேரத்திலும் ராஜாராமுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி நிதானமாகத்தான் கேட்டார். இது எப்படி வேலை செய்கிறது, காற்று எங்கே நிற்கிறது, உருண்டை எப்படி உடைகிறது. எல்லாம் சொன்னான்.

"இந்தக் குழாய் இத்தனை நீளம் இருக்கவேண்டிய அவசியம் உண்டா?"

"இல்லைங்க. பாதி போதும்."

"இந்த நிறம்?"

"அதுக்கும் வேலையில்லைங்க."

"பின்கட்டை?"

"அழகுக்குங்க."

"யாருடைய யோசனை?"

ராஜாராம் கோட்டைச்சாமி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். அவர் தலையைக் குனிந்திருந்தார்.

"கேட்டது முதலாளி. செஞ்சது நான். எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

எழுதுகிறவர் எழுதி முடிக்கும்வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு எழுந்து, அந்தக் குழலைத் தோளில் சாத்தி, அறையின் மறுகோடிக்குப் போய் நின்றார். குழல் முனை ராஜாராமின் பக்கம் இருந்தது.

"இதற்கு முன் இதைப் பார்க்காத ஒருவர், ஐம்பதடி தள்ளி, பனியில் பார்க்கிறார். என்ன நினைப்பார்?"

ராக்கு கதவோரம் நின்றிருந்தாள். சொல்லவேண்டிய வாக்கியம் அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும். வரும் வழியில் பஸ்சில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தான். ஆனால் அந்தக் கருநீல முனையைப் பார்த்துக்கொண்டு, அது வேறு எதுவாகவும் தெரியும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அப்படித் தெரியவேண்டும் என்றுதானே மூன்று மாதம் இழைத்தான்.

"துப்பாக்கின்னுதாங்க நினைப்பாக," என்றான்.

தீர்ப்பு வர நாலு மாதம் ஆனது. பார்த்த மாத்திரத்தில் துப்பாக்கி என்று நம்பும்படி வேண்டுமென்றே செய்யப்பட்ட பொருள், சுட்டவர்மேல் குற்றமில்லை என்று எழுதியிருந்தார்கள். செய்தவரின் வாக்குமூலமே அதற்குச் சாட்சி. கோட்டைச்சாமியின் ரைபிளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ராஜாராமை மூன்று தடவை ஸ்டேஷனுக்கு அழைத்து எச்சரித்து அனுப்பினார்கள். ராக்குவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தன்னோடு தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள் என்று சின்னமுத்து சொன்னான்.

அடுத்த கவாத்துச் சமயத்தில் ராஜாராம் மலைக்குப் போனான். ராக்கு இரண்டாவது ஓடைச் சரிவில் இருந்தாள். இடுப்பில் சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு கையில் காவித் தகரமும் மறுகையில் பிரஷ்ஷுமாக மரத்துக்கு மரம் இறங்கிக்கொண்டிருந்தாள். புருசன் பார்த்த சோலியை முதலாளி அவளுக்குக் கொடுத்திருந்தார். காலில் அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவியிருந்தாள்.

ராஜாராமைப் பார்த்ததும் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"இதச் செய்யாதீக, ஆத்தா. கால் வழுக்கும். அண்ணனுக்கு முதல்ல செஞ்ச மாதிரி ஒண்ணு..."

"வேண்டாம்."

மேலே எங்கோ கிளை முறிந்து விழுகிற சத்தம் கேட்டது. அவள் பிரஷ்ஷைத் தகரத்தின் விளிம்பில் வழித்தாள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல, தம்பி," என்றாள். "எல்லாரும்தான் சொல்றாக. அன்னைக்கு ஒருநா மட்டும் நீ சொல்லியிருக்கலாம்ல."

அவள் குரலில் கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள். ராஜாராம் நின்றுகொண்டே இருந்தான். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்கு இறங்கினாள்.

எண்பதுகளில் போடியில் காங்கிரீட் வீடுகள் எழும்பின. எல்லாரும் வாசலுக்கு இரும்புக் கதவும் ஜன்னலுக்குக் கிரில்லும் போட்டார்கள். மயில் வேண்டும், தாமரை வேண்டும், பெயரின் முதலெழுத்தை வளைத்துப் போடவேண்டும் என்று கேட்டு வருவார்கள். ராஜாராமின் பட்டறையில் அது கிடைக்காது. நேர்க்கம்பி, குறுக்குப் பட்டை, தாழ்ப்பாள். அவ்வளவுதான்.

"ஜெயில் கதவு மாதிரி இருக்கேப்பா," என்பார்கள்.

"காலத்துக்கும் உழைக்கும்ணே," என்பான் அவன்.

சிலர் சரி என்பார்கள். பலர் எதிர்த்தெருவில் புதிதாக வந்த வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுவார்கள். தன் மகளுக்குக் கல்யாணம் பேசியபோது, வீட்டு வாசல் கதவிலாவது ஒரு பூப் போடச் சொல்லி ராமுத்தாய் கேட்டாள். அளவெடுத்து, சுண்ணாம்புக் கட்டியால் தகட்டில் ஓர் இதழ் வரைந்தும் பார்த்தான். வளைவு நன்றாகவே விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுக் கம்பியை அறுக்க ஆரம்பித்தான்.